தமிழில் பேசினார் என்று நம்பி 4,300 வெள்ளி கட்டினேன்

சிங்கப்பூரில் பழைய ஜிம்னி (சுசுகியின் சிறிய நான்கு சக்கர இயக்க வண்டி) வாங்கிவிட்டு, அதைக் காட்டு முகாமுக்குத் தயார் செய்ய நல்ல பட்டறை எது என்று விசாரித்துக்கொண்டிருப்பவர்கள், பணத்தைக் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தனிச்செய்தியிலும் கேட்காதீர்கள். எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வண்டி 2011ஆம் ஆண்டின் சுசுகி ஜிம்னி, 1.3 லிட்டர். முந்தைய உரிமையாளர் சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழைப் பத்தாண்டுக்குப் புதுப்பித்திருந்ததால் 2031 வரை ஓடும். 2024 ஏப்ரலில் வாங்கினேன். விற்றவர்மேல் குறையில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் உதறும், முன் அச்சின் முனையில் லேசாக எண்ணெய்க் கசிவு உண்டு என்று அவரே சொல்லித்தான் கொடுத்தார். இந்த வண்டிகளுக்கு வயதானால் வருகிற வியாதிதான் அது. சக்கரம் திரும்புகிற இடத்தில் இருக்கும் கிங்பின் பேரிங்குகள் தேய்ந்துபோகும், பக்கத்திலுள்ள சீல் கிழியும். மாற்றினால் சரியாகிவிடும்.

மாற்றத்தான் அந்தப் பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் நம்மவர். வாசலிலேயே "வாங்க தம்பி" என்று தேநீர் வாங்கிக் கொடுத்தார். தாம் காட்டுக்குள் போய்வந்த படங்களையெல்லாம் கைப்பேசியில் காட்டினார். நானும் "அண்ணே, நீங்களே பார்த்துச் செய்துவிடுங்கள்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த ஒரு வாக்கியத்தின் விலை 4,300 வெள்ளி.

ரசீதில் இருந்தவை: கிங்பின் பேரிங்கும் சீலும் 880 வெள்ளி. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் பாக்ஸ், முன்பின் டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவிலுள்ள கியர்ப்பெட்டி) ஆயில் மாற்றியது 320. நான்கு புதிய டயர்கள் 1,040. அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு 450. இரண்டாவது பேட்டரியும் குளிர்பெட்டிக்கு வயரிங்கும் 1,280. எல்இடி விளக்குப் பட்டை 245. நான்கு சக்கர இயக்கப் பரிசோதனை 85. வண்டியை எடுக்கப் போனபோது டயர்கள் பளபளவென்று இருந்தன, அடிப்பாகம் மை பூசியதுபோலக் கறுத்திருந்தது. ஸ்டீயரிங் உதறலும் நின்றிருந்தது. வேறென்ன வேண்டும்?

ஆகஸ்டில் பள்ளி விடுமுறை இல்லாவிட்டாலும் தேசிய தினத்தையொட்டிக் கிடைத்த நீண்ட வார இறுதியில் மகளையும் மைத்துனரையும் அழைத்துக்கொண்டு மலேசியாவிலுள்ள எண்டாவ் ரொம்பின் காட்டுப் பூங்காவுக்குப் புறப்பட்டேன். பெட்ரோல் முள் விதிப்படி முக்காலுக்குக் கீழே இல்லை என்பதை உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கு முன்னால் இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். அதில் எவ்வளவு கவனம் பாருங்கள்! குளுவாங் தாண்டிக் காஹாங் வரை நல்ல சாலை. அங்கிருந்து பூங்காவின் நுழைவாயிலான கம்போங் பேத்தாவுக்குச் செம்பனைத் தோட்டங்களின் ஊடே நீளமான மண் தடம்.

முந்தைய இரவு பெய்த மழையில் ஒரு சிறு ஏற்றம் குழம்பாகிக் கிடந்தது. நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றினேன். டாஷ்போர்டில் விளக்கு எரிந்தது. வண்டி பின்சக்கரத்தால் சேற்றை வாரி இறைத்ததே தவிர ஓர் அடி நகரவில்லை. வெளியே நின்ற மகள்தான் சொன்னாள்: "அப்பா, முன்சக்கரம் சுற்றவே இல்லை."

விளக்கு எரிந்தால் போதாது. இந்த வண்டியின் முன்சக்கர ஹப்புகள் (சக்கரத்தை அச்சுத்தண்டோடு இணைக்கும் நடுப்பகுதி) இன்ஜினிலிருந்து வரும் வெற்றிட உறிஞ்சலால்தான் பூட்டிக்கொள்ளும். அந்த உறிஞ்சல் வரும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு விழுந்திருந்தால், உள்ளே தண்டு சுழலும், சக்கரம் சும்மா நிற்கும். ஒரு செம்பனை லாரிதான் எங்களை இழுத்து வெளியே விட்டது. ஓட்டுநர் பணம் வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பயணத்தில் என்னிடம் நேர்மையாக நடந்துகொண்ட முதல் மனிதர்.

அன்றிரவு காஹாங் பக்கம் ஒரு திடலில் கூடாரம் போட்டோம். பத்து மணிக்குக் குளிர்பெட்டி தானாக அணைந்தது. பேட்டரி நிறைய மின்சாரம் இருந்தது, ஆனால் பெட்டிக்குப் போன வயர் ஒலிபெருக்கிக்குப் போடுகிற மெல்லிய வகை. ஐந்து மீட்டர் தூரத்தில் மின்னழுத்தம் பாதி வழியிலேயே தேய்ந்துபோக, பேட்டரி தீர்ந்ததாக நினைத்துப் பெட்டி படுத்துவிட்டது. மசாலா தடவி வைத்திருந்த ஆட்டிறைச்சி காலையில் நாய்க்குப் போனது. அதைவிட மோசமானது, வயரைத் தொடர்ந்து பானெட்டைத் திறந்தபோது கண்ணில் பட்டது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து கிளம்பிய வயரில் ஃபியூஸே இல்லை. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டிய பொருள். தகட்டுத் துளை வழியாக நுழைந்த இடத்தில் ரப்பர் வளையமும் போடாததால், பிளாஸ்டிக் உறை உரசி உரசிச் செம்பு தெரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம் குலுங்கியிருந்தால் வண்டி எரிந்திருக்கும். மகள் பின்னிருக்கையில் தூங்குவாள்.

மறுநாள் குளுவாங்கில் ஒரு பட்டறை. அறுபது வயதிருக்கும் தமிழர், பேச்சு மிகக் குறைவு. முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, கைபிரேக்கைப் போட்டு, நான்கு சக்கர இயக்கத்தையும் போடச் சொன்னார். ஹப் பூட்டியிருந்தால் சக்கரத்தைக் கையால் சுற்ற முடியாது. என்னுடையது ராட்டினம்போலச் சுற்றியது. பிறகு அதே சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், கடகடவென்றது. 880 வெள்ளியின் புதிய பேரிங் அதுதான்! ஸ்டீயரிங்குக்கு ஒரு புது டேம்பரை மட்டும் மாட்டி உதறலை அமுக்கிவைத்திருந்தார்கள்.

அடியில் படுத்தவர் என்னையும் கூப்பிட்டு டார்ச் அடித்தார். பின் டிஃபரன்ஷியலின் வடிகால் போல்ட்டின்மீது பழைய துரு, அதன்மீது கறுப்புப் பூச்சு, கொஞ்சமும் கீறலில்லை. ஸ்பானர் பட்டிருந்தால் விளிம்பில் பூச்சு உரிந்திருக்கும். "இதை யாரும் தொடவே இல்லை, தம்பி." திறந்தார். அச்சு அசல் தே தாரிக் பால்தேநீர் நிறத்தில் ஆயில் இறங்கியது. எப்போதோ தண்ணீர் புகுந்து, கலந்து, அப்படியே கிடந்திருக்கிறது.

டயரை நானே பார்த்தேன். பக்கவாட்டில் வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் நான்கு இலக்கம் முழுமையாகப் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தார்கள். 2217. அதாவது 2017ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். ஏழு வருடம் கிடங்கில் கிடந்த சரக்கு புதிய விலைக்கு என் தலையில்.



திரும்பி வந்து பட்டறைக்காரரிடம் போனேன். இந்த முறை தேநீர் இல்லை. மலேசியாவில் யாரோ கை வைத்துவிட்டதால் உத்தரவாதம் போயிற்று என்றார். பழைய பேரிங்குகள் எங்கே என்று கேட்டேன், கழிவில் போட்டாயிற்றாம். பயனீட்டாளர் சங்கத்தின் கடிதத்துக்கும் பதில் இல்லை. பிறகு சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். எனக்கு ஆன கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் கூடாது என்பதால் அவரும் நானும் மட்டுமே பேச வேண்டும்.

போல்ட்டின் படம், டயர் இலக்கத்தின் படம், குளுவாங் ரசீது எல்லாவற்றையும் பதிவேற்றியிருந்தேன். ஆயில் மாற்றியதாகவே அவர் சாதித்தார். குளுவாங் அண்ணன் அந்த ஆயிலைக் கொஞ்சம் ஒரு தண்ணீர்ப் போத்தலில் பிடித்துக் கொடுத்திருந்தார். காணொளிக் கூட்டத்தில் அதைத் தூக்கிக் கேமராவுக்கு முன் பிடித்தேன். சிறிது நேரம் திரையில் பட்டறைக்காரர் ஒன்றும் பேசவில்லை. பிறகு 2,100 வெள்ளிக்குச் சம்மதித்தார், இரண்டு தவணையாக.

போத்தல் இன்னும் சமையலறை மேல்தட்டில்தான் இருக்கிறது. தேநீர் என்று நினைத்து யாராவது எடுத்துவிடுவார்கள் என்று மனைவி தினமும் திட்டுகிறாள். இரண்டாவது தவணை வந்ததும் தூக்கிப் போட்டுவிடுவேன்.