மூக்குக்கு அம்மோனியாவா, வயிற்றுக்குக் காபியா?

பவர்லிஃப்டிங் என்ற எடை தூக்கும் போட்டிக்குப் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பாரில் எடை ஏற்றியாயிற்று, இனி ஒரு நிமிடத்துக்குள் தூக்க ஆரம்பிக்க வேண்டும். கோச் ஒரு சின்ன பாட்டிலைத் திறந்து வீரரின் மூக்கருகே நீட்டுகிறார். ஒரே இழுப்பு. தலை வெடுக்கென்று பின்னால் போகிறது, கண்ணில் நீர் முட்டுகிறது, கத்திக்கொண்டே மேடை ஏறுகிறார். பக்கத்திலேயே இன்னொருவர், ஒரு மணி நேரம் முன்பே கடுங்காபி குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார். இருவரில் யாருக்கு உண்மையான லாபம்?

பாட்டிலிலிருந்து வருவது அம்மோனியா வாயு. பிளஸ் டூ லேபில் சால்ட் அனாலிசிஸ் செய்தவர்களுக்கு அந்த நெடி மறந்திருக்காது. மூக்கின் உட்சவ்வு எரிந்ததும் உடம்பு தானாக மூச்சை இழுக்கிறது, இதயத்துடிப்பு ஏறுகிறது. அந்த விழிப்பு நிஜம்தான். ஆனால் பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் போன்றவற்றில் தூக்கும் எடை கூடுகிறதா என்று சோதித்தபோது, சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. கூடுவது தெம்பாக இருக்கிறோம் என்ற உணர்வு. அதை நான் லேசாக நினைக்கவில்லை. பயத்தோடு பாரைப் பிடிப்பவருக்கு அது பெரிய விஷயம். என்ன, கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும்.

காபியிலுள்ள காஃபீன் வேலை செய்யும் விதமே வேறு. களைப்பைத் தெரிவிக்கும் அடினோசினை மூளையில் தடுக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம், களமிறங்க ஒரு மணி நேரம் முன்னால் என்பதுதான் வழக்கமான கணக்கு. 70 கிலோ ஆளுக்குக் குறைந்தது 210 மில்லிகிராம். நீண்ட ஓட்டம், சைக்கிள் பந்தயத்தில் பலன் தெளிவாகத் தெரியும். பளு தூக்குவதில் கொஞ்சம்தான், ஆனால் உண்டு. 2004-லேயே விளையாட்டு ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலிருந்தும் இதை எடுத்துவிட்டார்கள். குறை என்றால், ஃபில்டர் காபியில் டிகாக்‌ஷன் கடைக்குக் கடை மாறும், அளவு பிடிபடாது. படபடப்பு வருபவர்களுக்கு ஒத்துவராது. சாயங்காலம் குடித்தால் தூக்கமும் போகும்.

சரி, அம்மோனியாவை ஆசைக்கு ஒரு தடவை முகர்ந்தால் என்ன? மேடையில் தனியாக நின்று எடை தூக்குபவர், பாட்டிலைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, எப்போதாவது முகர்ந்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். மோதி விளையாடும் ஆட்டங்களில்தான் என் பயமெல்லாம். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தவர் இதை முகர்ந்ததும் தெளிந்துவிட்டவர் போலத் தெரிவார். அடிபட்ட அடையாளம் மறைந்துபோய், ஆள் திரும்பவும் களத்தில் நிற்பார். கழுத்தில் அடி இருந்தால் தலை வெட்டி இழுப்பதே ஆபத்து. அமெரிக்கன் ஃபுட்பால் என்ற மோதல் ஆட்டத்தின் லீகான என்எஃப்எல் 2025 ஆகஸ்டில், அணிகள் இதை வீரர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டதற்கு இந்த மறைப்பும் ஒரு காரணம். வீரர்கள் சொந்தமாகக் கொண்டுவருவதை மட்டும் தடுக்கவில்லை. அதையும் தடுத்திருக்க வேண்டும் என்பேன்.

என் ஓட்டு காபிக்குத்தான், கூடவே நன்றாக வார்ம்அப்பும் செய்ய வேண்டும். தலையில் அடி வாங்கியவரிடம் யாராவது அந்தப் பாட்டிலை நீட்டினால், கையைத் தட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.