சான்றிதழை நம்பி வாங்கிய மூட்டுவலிப் பொடி: ஓர் எச்சரிக்கை

மூட்டுவலிக்காக என் தாயார் நான்கு மாதங்கள் உட்கொண்ட ஒரு பொடியைப் பற்றி, அதுபோன்ற பொடியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். "முற்றிலும் மூலிகை" என்று புட்டியில் அச்சிட்டு, ஏழு மூலிகைகளின் பெயர்களையும் எடைகளையும் கொடுத்திருந்தார்கள். விற்றவர் ஆய்வகச் சான்றிதழின் நகலையும் அனுப்பினார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் நான் நம்பினேன்.

மூன்றாம் நாளே வலி விட்டது. அம்மா கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி ஏறினார். ஆனால் போகப்போக முகம் உருண்டையாக உப்பியது, கட்டுக்குள் இருந்த சர்க்கரை ஏறியது, கை லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றிப்போனது. அவர் முகத்தைப் பார்த்ததுமே மருத்துவர், ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றோம்.

முத்திரை உடைக்காத புட்டி ஒன்றை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பியதில், புட்டியின் மேல் எங்கும் குறிப்பிடாத டெக்சாமெதசோன் என்ற, வீக்கத்தையும் வலியையும் அடக்கும் ஸ்டீராய்டு மருந்து பொடியில் இருப்பது தெரிந்தது. இதற்கும் பீட்டாமெதசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டுக்கும் மூலக்கூறு நிறை ஒன்றே என்பதால், நிறையை மட்டும் கொண்டு முடிவுசெய்யாமல், கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரிக்கும் திரவ குரோமட்டோகிராபியில் அது வெளிவரும் நேரத்தைத் தூய மருந்தோடு ஒப்பிட்டே உறுதிசெய்தார்கள். 0.75 மில்லிகிராம் டெக்சாமெதசோன், மருத்துவர்கள் பரவலாகக் கொடுக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்கு ஈடு. ஒரு கரண்டிப் பொடியில் அவ்வளவு கலந்திருந்தால் கண்ணுக்கோ நாக்குக்கோ தெரிய வழியில்லை.

விற்றவர் தந்த சான்றிதழ் போலியன்று, அதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. ஈயம், பாதரசம், ஆர்செனிக், நுண்ணுயிர்கள் ஆகியவற்றை மட்டும் சோதிக்கச் சொல்லியிருந்தார்கள். ஆய்வகம் கேட்டதைத் தேடி, கேட்டதற்குப் பதில் தந்திருந்தது. பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே முடிவு பொருந்தும் என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்த வரியையும், அந்த மாதிரியை அனுப்பியவர் விற்பவரே என்பதையும் நான் பிறகுதான் கவனித்தேன். நீங்கள் சோதனைக்கு அனுப்புவதானால், அறிவிக்கப்படாத ஸ்டீராய்டுகளையும் வலிநிவாரணிகளையும் தேட வேண்டும் என்று எழுத்திலேயே கேளுங்கள். அதே தொகுதி எண் கொண்ட, திறக்காத இன்னொரு புட்டியைப் பத்திரப்படுத்துங்கள்.

ஐயம் வந்தவுடன் பொடியைச் சட்டென நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொண்டவர்களின் அட்ரினல் சுரப்பிகள், உடலுக்காக இயல்பாகத் தாம் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு விழக்கூடும். புட்டியை எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அம்மாவுக்குப் பொடிக்குப் பதிலாகப் பிரெட்னிசோலோன் கொடுத்து, அதையும் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறார்கள்.