கட்டாந்தரையில் கூர்வர் பயிற்சிகள்: ஒரு நீண்டகால அனுபவம்

வட சென்னையில் 8 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் கால்பந்து கற்றுத் தருபவர்களில் நானும் ஒருவன். பந்துக் கட்டுப்பாட்டுக்காக நாங்கள் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருவது கூர்வர் முறை. 1974இல் ஃபெயனூர்ட் அணியை யூஇஎஃப்ஏ கோப்பை வெல்லச் செய்த டச்சுப் பயிற்சியாளர் வீல் கூர்வர், பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைப் படச்சுருளில் நுணுகிப் பார்த்து, பிறவித் திறமை என்று கருதப்பட்ட அசைவுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியும் என்று நம்பினார். அந்த நம்பிக்கை பெருமளவு சரியானது என்பதே என் அனுபவம். ஆனால் இந்தப் பயிற்சிகளை மட்டும் நம்பி நின்றுவிட்டால் ஆட்டத்தில் பயன் பாதிதான்.

ஆளுக்கொரு பந்து என்பதுதான் இம்முறையின் உயிர். பத்துப் பேர் வரிசையில் நின்று ஒரே பந்துக்குக் காத்திருக்கும் பயிற்சியில் ஒரு பிள்ளையின் கால் பந்தைத் தொடுவதே அரிது. இங்கோ, பந்தின் தலையில் இரு பாதங்களையும் மாறி மாறி வைக்கும் டோ டேப், உட்பாதங்களுக்கிடையே பந்தைத் தட்டிக்கொண்டே நகர்வது, உள்ளங்காலால் பக்கவாட்டில் உருட்டும் சோல் ரோல் ஆகியவற்றைச் செய்யும்போது கால் ஓயாமல் பந்தோடு பேசிக்கொண்டே இருக்கிறது. இதன் பலன் முதலில் தெரிவது இடக்காலில்தான். அந்தக் காலை ஊன்றிக்கொள்ள மட்டுமே பயன்படுத்தி வந்த பிள்ளைகள், சில மாதங்களில் அதே காலால் பந்தை இழுத்துத் திரும்புவதைப் பார்ப்பது பெரிய மகிழ்ச்சி. 1974 உலகக் கோப்பையில் சுவீடனுக்கு எதிராக டச்சு ஆட்டக்காரர் யோஹான் கிரைஃப் செய்து காட்டிய திருப்பத்தையும் இந்த வரிசையிலேயே கற்பிக்கிறோம். பிள்ளைகள் மிகவும் விரும்பிக் கற்பது அதைத்தான்.

குறை என்று பார்த்தால், அடையாளத்துக்காகத் தரையில் வைக்கும் கோன்களுக்கிடையே அழகாகப் பந்தை ஓட்டும் பிள்ளை தலையைக் குனிந்தபடியே ஓட்டப் பழகிவிடுகிறான். கோன் காலை நீட்டிப் பந்தைப் பறிப்பதில்லை. ஆட்டத்தில் எதிராளி பறிக்கிறான். ஆகவே அடிப்படை அசைவுகளைத் தொடக்கத்தில் கால் மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டு, பிறகு ஒரு சிறு சதுரத்துக்குள் எல்லோரையும் பந்தோடு இறக்கிவிடுகிறோம். நான் தூக்கிக் காட்டும் விரல்களின் எண்ணிக்கையை அவர்கள் பந்தை ஓட்டிக்கொண்டே உரக்கச் சொல்ல வேண்டும். அடுத்து, பந்தில்லாத இரண்டு பேரை உள்ளே அனுப்பிப் பறிக்கச் சொல்கிறோம். நான்கு பேர் வெளியே நின்று பந்தைக் கடத்த, நடுவில் ஒருவர் பிடிக்க முயலும் ரோண்டோவும் கட்டாயம் உண்டு.

முதல் தொடுகைக்கு, என் கணிப்பில், சுவரை மிஞ்சிய ஆசிரியர் இல்லை. சுவரில் அடித்துத் திரும்பி வரும் பந்தை வாங்கும்போது நுனிக்கால் சற்று உயர்ந்து, குதிகால் தாழ்ந்து, பந்து படும் அந்த நொடியில் பாதம் சற்றே பின்வாங்க வேண்டும். காலை விறைப்பாக வைத்தால் பந்து இரண்டடி தள்ளிப் போய் எதிராளிக்குச் சொந்தமாகிவிடும். வாங்கிய பந்தைக் காலடியிலேயே நிறுத்தாமல், அடுத்து ஓடவிருக்கும் திசைக்கு ஒரு தட்டாக நகர்த்தப் பழக்குவது இன்னும் நல்லது.

எங்கள் மைதானம் புல்லற்ற கட்டாந்தரை என்பதால் பந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வயதினருக்குரிய 4ஆம் எண் பந்து இறுக்கமாகக் காற்றடைக்கப்பட்டிருந்தால் இந்தத் தரையில் துள்ளித் துள்ளி ஓடும். பிள்ளையின் கவனமெல்லாம் துள்ளலை அடக்குவதிலேயே போய்விடும். அதனால் மூத்த பிள்ளைகளின் அடிப்படைப் பயிற்சிகளுக்கு, உள்ளரங்கில் ஆடும் ஃபுட்சால் என்ற சிறுகால்பந்து ஆட்டத்துக்கான, அதிகம் துள்ளாத பந்தைப் பயன்படுத்துகிறோம். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் துள்ளலில் 50 முதல் 65 செ.மீ. வரை மட்டுமே எழ வேண்டும் என்பது அதற்கான விதி. ஆனால் அதன் எடை 400 கிராமுக்குக் குறையாது என்பதால், பத்து வயதுக்குட்பட்டவர்களிடம் அதைத் தருவதில்லை. அவர்களுக்கு 4ஆம் எண் பந்தையே காற்றைச் சற்றுக் குறைத்துக் கொடுக்கிறோம்.