கிருபையும் பேரன்பும்: மலை வீட்டுக்கு எந்தத் தமிழ் விவிலியம்?

நீலகிரியில் தமிழ் விவிலியம் வாங்கப் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, பழைய மொழிபெயர்ப்பா பொது மொழிபெயர்ப்பா என்பது. பழையது ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் முடித்த மொழிபெயர்ப்பின் வழி வந்தது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் கையில் இருப்பது அதுதான். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்து 1995இல் வெளிவந்தது 'திருவிவிலியம்' என்ற பொது மொழிபெயர்ப்பு. இது பெரும்பாலும் கத்தோலிக்க வீடுகளில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் இந்த இரண்டு குடும்பமும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வாழ்கிறார்கள். கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் இரண்டு புத்தகமும் ஒரே பாயில் வந்து சேரும். ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் சரி.

பார்க்க வேண்டிய இடம் 136ஆம் சங்கீதம், பழைய ஏற்பாட்டுத் துதிப்பாடல்களில் ஒன்று. அதில் 26 வசனங்கள், இருபத்தாறும் ஒரே அடியில்தான் முடியும். பழையதில் "அவர் கிருபை என்றுமுள்ளது". பொது மொழிபெயர்ப்பில் "என்றும் உள்ளது அவரது பேரன்பு". எபிரேயத்தில் அங்கே நிற்கிற சொல் 'ஹெசெட்'. பழைய ஏற்பாட்டில் ஏறக்குறைய 250 முறை வருகிறது. வாக்குக் கொடுத்தவர், எதிரில் இருப்பவர் தவறினாலும் தம் வாக்கிலிருந்து பின்வாங்காமல் காட்டுகிற அன்பு என்று அதை விரித்துச் சொல்லலாம். இரக்கம் அதற்குள் உண்டு, ஆனால் இரக்கம் மட்டும் இல்லை. கண்ணீரைப் பார்த்து எழுகிற இரக்கம் கண்ணீர் காய்ந்ததும் அடங்கிவிடலாம். ஹெசெட் உடன்படிக்கையில் நிற்பதால் அடங்காது.

'கிருபை' என்ற சொல்லின் சிக்கல் இங்கேதான். தமிழ்க் காதில் கிருபை மேலே இருப்பவர் கீழே இருப்பவர்மேல் வைக்கிற தயவு. அதோடு பழைய மொழிபெயர்ப்பு புதிய ஏற்பாட்டின் 'காரிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் கிருபை என்றே போட்டிருக்கிறது. எபேசியர் 2:8இல் "கிருபையினாலே" இரட்சிக்கப்பட்டீர்கள் என்று வருவது அந்தச் சொல். தகுதி இல்லாதவனுக்குக் கிடைக்கும் இலவசம் என்ற பொருள் மனதில் பதிந்தவர், சங்கீதத்தில் கிருபை வரும்போதும் அதையே எடுத்துக்கொள்கிறார். நிலைத்து நிற்பது என்ற பாதி கைநழுவிப் போகிறது. இன்னொரு பக்கம், ஹெசெட்டே பழையதில் எங்கும் ஒரே சொல்லாக வருவதில்லை. சங்கீதத்தில் கிருபை, எரேமியா 31:3இல் காருணியம், ரூத் 1:8இல் தயை, ஓசியா 6:6இல் இரக்கம். ரூத்தின் மாமியார் நகோமி தம் மருமக்களுக்குச் சொன்ன வாழ்த்திலும் 136ஆம் சங்கீதத்தின் அடியிலும் இருப்பது ஒரே சொல் என்று பழையதை மட்டும் வாசிப்பவருக்குத் தெரிய வழியில்லை.

பொது மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் தெளிவு. சங்கீதத்தில் பேரன்பு, எபேசியரில் அருள் என்று இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. எரேமியா 31:3 இன்னும் நல்ல சோதனை. பழையதில் "அநாதி சிநேகத்தால் உன்னைச் சிநேகித்தேன்". அநாதி என்றால் தொடக்கம் இல்லாதது. ஆனால் பத்து வயதுப் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுத்தால் 'அநாதை' என்றே கேட்கும். கடவுளின் அன்புக்கு நேர் எதிரான சொல் அது. சிநேகம் என்பதும் இன்றைக்கு நட்பு என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. பொது மொழிபெயர்ப்பில் "முடிவில்லாத அன்பு" என்று வருவதைப் பிள்ளை ஒரே வாசிப்பில் பிடித்துக்கொள்ளும். ஞாயிறு பள்ளியில் இந்த வசனத்தை மனப்பாடம் செய்ய வைப்பவர்கள் பழைய வடிவத்தைக் கொடுத்தாலும் அநாதியின் பொருளைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குவது அவசியம்.

அதற்காகப் பழையதைத் தள்ளிவிட முடியாது. யோவான் 21இல் இயேசு தம்மிடம் அன்பு உண்டா என்று சீடர் பேதுருவை மூன்று முறை கேட்கிறார். கிரேக்கத்தில் முதல் இரண்டு முறை ஒரு வினைச்சொல், மூன்றாம் முறை வேறொன்று. பேதுரு மூன்று முறையும் அந்த வேறொன்றிலேயே பதில் சொல்கிறார். பழைய மொழிபெயர்ப்பு இதை அப்படியே காத்திருக்கிறது. "அன்பாயிருக்கிறாயா" என்று இரண்டு முறை கேள்வி, "நேசிக்கிறேன்" என்று பதில். மூன்றாவதில் கேள்வியே "நேசிக்கிறாயா" என்று இறங்கி வருகிறது. அந்த இரண்டு சொல்லுக்கும் எவ்வளவு வேறுபாடு என்பதில் அறிஞர்களிடையே கருத்து ஒன்றில்லை. ஆனாலும் மூலத்தில் இருப்பதைத் தமிழில் மறைக்காமல் விட்டது பெரிய உழைப்பு.

ஓசையிலும் பழையது முந்துகிறது. "அவர் கிருபை என்றுமுள்ளது" ஒரே மூச்சில் முடிந்து 'உள்ளது' என்பதில் குரல் தங்கும். 'இருக்கிறது, போய்விடவில்லை' என்ற உறுதி அந்தக் கடைசிச் சொல்லில் இருக்கிறது. "என்றும் உள்ளது அவரது பேரன்பு" சற்று நீளம். நடுவில் ஒரு சிறு நிறுத்தம் கேட்கும், ஆனால் குரல் போய் அமர்கிற இடம் அன்பு. வாசிப்பவர் முதல் பாதியைச் சொல்ல, எழுத்தறியாத பாட்டிகள் மறுபாதியை எதிர்மொழியாகச் சொல்லும் வீடுகளில் பழைய அடி தானாக வாயில் வருகிறது. அங்கே போய்ப் புதியதைத் திணிக்க வேண்டாம்.

இரு சபையாரும் கூடுகிற வீட்டில் ஜெபக் குழுவும் அன்பியமும் (கத்தோலிக்கரின் அக்கம்பக்கக் குடும்பக் குழு) ஒன்றாக அமர்ந்தால், தொடங்கும் முன்பே எந்த அடி என்று ஒருவர் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் முதல் வசனத்திலேயே பாதிப்பேர் 'கிருபை' என்றும் பாதிப்பேர் 'பேரன்பு' என்றும் மோதி, மூன்றாம் வசனத்துக்குள் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். வாசிப்பவர் தம் பாதியைச் சொல்லிவிட்டு அடுத்த பாதியைத் தாமும் சேர்ந்து சொல்லக் கூடாது, அது கூட்டத்தின் பங்கு. பத்தாம் வசனத்திலிருந்து எகிப்தும் போரும் வருவதால் அங்கே வேகம் கூடிவிடும். 23ஆம் வசனத்தில் "நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவரை" என்று வரும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். சங்கீதம் முழுவதும் வந்து சேர்கிற இடம் அது. முதல் வசனத்தில் பழையது "துதியுங்கள்" என்கிறது, பொது மொழிபெயர்ப்பு "நன்றி செலுத்துங்கள்" என்கிறது. எபிரேயத்துக்கு இரண்டாவதே நெருக்கம்.

இனிப் புத்தகத்தின் உடம்பு. விவிலியத் தாள் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 30 முதல் 40 கிராம்தான், ஜெராக்ஸ் தாளில் பாதி. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையிலும், கூடலூரில் ஆடி மழையிலும் இந்தத் தாள் ஈரத்தை உறிஞ்சி அலையலையாக வளையும். ஜிப் உறை அழகுதான், ஆனால் மலைக்கு எதிரி. தூறலில் கல்லறைத் தோட்டம் போய்வந்து அப்படியே ஜிப்பை இழுத்து மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பூக்கும். வீட்டுக்கு வந்ததும் உறையைக் கழற்றி, புத்தகத்தை நிமிர்த்தி விசிறிபோல் விரித்து ஓர் இரவு வைக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட தாளை நகத்தால் பிரித்தால் எழுத்தோடு கிழியும், காயும்வரை பொறுக்க வேண்டும். கணப்புக்குப் பக்கத்தில் காயவைத்தால் முதுகுப் பசை வெடித்துத் தாள் கொத்தாகக் கழன்றுவிடும். பூஞ்சணத்தை வெளியில் கொண்டுபோய் உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டலாம். ஈரத்துணி படக் கூடாது. இராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டையைத் தாளுக்குள் செருகுவதும் வேண்டாம், அலமாரி மூலையில் வைத்தால் போதும்.

செயற்கைத் தோல் அட்டை மலை ஈரத்தில் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உரியும். துணி ஒட்டிய கெட்டி அட்டை விலையும் குறைவு, ஆயுளும் அதிகம். கடையிலேயே 136ஆம் சங்கீதத்தைத் திறந்து மேசைமேல் வைத்துக் கையை எடுத்துப் பாருங்கள். தானாக விரிந்து கிடந்தால் தைத்த கட்டு, மூடிக்கொள்ள எழுந்தால் பெரும்பாலும் வெறும் பசை. பின்பக்க எழுத்து நிழலாடுகிறதா என்று அதே பக்கத்தில் பார்த்துவிடலாம். பொன்விளிம்புப் புத்தகம் புதிதில் தாள்கள் ஒட்டியிருக்கும். முன்னால் சில தாள், பின்னால் சில தாள் என்று மாறி மாறி மெல்ல அழுத்திக்கொண்டு நடுவுக்கு வந்தால் முதுகு உடையாது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பிள்ளைகள் வாசிக்கிற வீட்டுக்குப் பொது மொழிபெயர்ப்பே சிறந்தது. பெரியவர்கள் மனப்பாடமாகச் சொல்கிற வீட்டில் பழையதின் பெரிய எழுத்துப் பதிப்பு வாங்கி, கிருபை வருகிற சங்கீதங்களின் ஓரத்தில் பென்சிலால் 'பேரன்பு' என்று எழுதிவைக்கலாம். பேனா வேண்டாம், மெல்லிய தாளில் மை பின்பக்கம் ஊறும்.

பக்கம் குறிக்கும் நாடா ஒன்றுதான் இருக்கும் என்பதால் அதை ஏசாயா 54:10இல் போட்டுவையுங்கள். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த இந்த மாவட்டத்தில் மலை விலகும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த வசனம் மலை அசையாது என்று சொல்லவே இல்லை. "மலைகள் விலகினாலும், பர்வதங்கள் நிலைபெயர்ந்தாலும், என் கிருபை உன்னைவிட்டு விலகாமலும்" என்றுதான் போகிறது. அங்கே இருப்பதும் ஹெசெட்தான். துக்க வீட்டில் வாசிக்கிறவர் 'விலகினாலும்' என்ற இடத்தில் மூச்சுவிட்டு, அடுத்த 'விலகாமலும்' கேட்கிறவர் காதில் தனியாக விழும்படி வாசிக்க வேண்டும்.