டர்பனிலிருந்து வெளிநாட்டு முகாம் வேலை: எந்த வழியை நம்பலாம்?

எலக்ட்ரீஷியன், டீசல் மெக்கானிக், பாராமெடிக், சமையல்காரர், ஸ்டோர் கீப்பர். டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் இந்தத் தொழில்களில் இருப்பவர்கள் வெளிநாட்டு ராணுவ, ஐ.நா. முகாம்களில் ஒப்பந்த வேலைக்குப் போக மூன்று வழிகள் இருக்கின்றன: நிறுவனத்தின் சொந்த இணையதளம், உள்ளூர் ஏஜென்சி, வாட்ஸ்அப் ஏஜென்ட். முதல் வழி மெதுவானது, ஆனால் நம்பலாம். இரண்டாவது, ஏஜென்சியைப் பொறுத்தது. மூன்றாவதன் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது.

அமெரிக்க ராணுவத் தளங்களில் சமையல், மின்சாரம், வாகனப் பராமரிப்பு எல்லாம் பல இடங்களில் லாக்கேப் என்ற ஒப்பந்தத்தின் கீழ் நடக்கின்றன. 2019இல் அதன் ஐந்தாம் சுற்று கேபிஆர், ஃப்ளூயர், வெக்ட்ரஸ், பிஏஇ-பார்சன்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்களுக்குக் கிடைத்தது. 2022இல் வெக்ட்ரஸ் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து வி2எக்ஸ் ஆனது. பிஏஇயை அமென்டம் வாங்கியது. ஆகவே இன்றும் பழைய பெயரில் ஆஃபர் லெட்டர் வந்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். இந்த நிறுவனங்களின் இணையதளங்களில் பெரிய குறை, பல விளம்பரங்கள் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே என்பது. அவற்றை முதலிலேயே வடிகட்டிவிடுங்கள். நம்மைப் போன்ற வேற்றுநாட்டுத் தொழிலாளர்களைப் பெரும்பாலும் துணை ஒப்பந்ததாரர்களே எடுக்கிறார்கள்.

துணை ஒப்பந்ததாரராக இருந்தாலும் அமெரிக்க அரசின் ஆள்கடத்தல் தடுப்பு விதி அவரையும் கட்டும். தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக்கூடாது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக்கூடாது. எழுத்து ஒப்பந்தம் தரவேண்டிய வேலையானால், புறப்படக் குறைந்தது 5 நாள் முன்னதாக, உங்களுக்குப் புரியும் மொழியில் அது கைக்கு வரவேண்டும். விமான நிலையத்தில் கையெழுத்து வாங்குகிறவரை நம்பிப் போகாதீர்கள். 1941இன் டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் என்ற அமெரிக்கச் சட்டத்தின் காப்பீடு எந்த நாட்டவருக்கும் உண்டு. பணியில் காயம்பட்டு முழுவதும் வேலை செய்ய முடியாமல் போனால், சட்டம் வைத்த உச்சவரம்புக்குள் சராசரி வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். காப்பீட்டு நிறுவனத்தின் பெயரை முன்கூட்டியே கேட்டு எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஐ.நா. வேலைகளுக்கு அதன் சொந்த இணையதளமே போதும். எந்தக் கட்டத்திலும் ஐ.நா. பணம் கேட்பதில்லை.

உள்ளூர் ஏஜென்சி என்றால், அது தென்னாப்பிரிக்க அரசின் தொழிலாளர் துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 2014ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டப்படி, வேலை தேடுபவரிடம் வேலை பிடித்துத் தருவதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது. ‘ஃபைல் சார்ஜ்’, ‘விசா டெபாசிட்’ என்று பெயர் மாற்றிக் கேட்டாலும் அதுவேதான். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2025 நவம்பரில் பார்த்தோம். நல்ல சம்பள ஒப்பந்தம் என்று நம்பிப் போன 17 தென்னாப்பிரிக்கர்கள் உக்ரைனின் டோன்பாஸ் போர்முனையில் சிக்கியிருப்பதாக ஜனாதிபதி அலுவலகம் அறிவித்தது. அவர்களில் 16 பேர் நம் குவாசுலு-நட்டாலைச் சேர்ந்தவர்கள். இங்கே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நம் நாட்டின் 1998ஆம் ஆண்டு வெளிநாட்டு ராணுவ உதவிச் சட்டம் துப்பாக்கி ஏந்துபவரை மட்டும் குறிப்பதில்லை. போரிடும் தரப்புக்குத் தரும் தளவாட உதவியும் மருத்துவ, பாராமெடிக் சேவையும் அதன் வரையறைக்குள் வருகின்றன. போர் நடக்கும் நாடென்றால் அரசு அனுமதி பற்றி நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஆவண வேலையில் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது வரிசையில்தான். முதலில் போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை கொடுத்து நன்னடத்தைச் சான்று வாங்க வேண்டும். பிறகு பிரிட்டோரியாவில் வெளியுறவுத் துறையின் சட்டப்பூர்வ முத்திரை. அந்த முத்திரைக்குக் கட்டணம் இல்லை, இடைத்தரகர் கேட்பது அவருடைய கூலி. பஹ்ரைன், ஓமான், சவூதிக்கு அப்போஸ்டில் போதும்; அது ஒரு பன்னாட்டு உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஏற்கும் முத்திரை. எமிரேட்ஸ், கத்தார், குவைத் அந்த உடன்படிக்கையில் இல்லை. அங்கே போகிறவர்கள் தூதரக முத்திரையும் வாங்க வேண்டும். சான்றை ரொம்ப முன்னாலேயே எடுத்தால் விசா வருவதற்குள் பழசாகிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நம் ஆட்களைத் தடுப்பது தெரிந்ததே. பல்லையும் பார்ப்பார்கள். சொத்தைப் பல்லை இப்போதே அடைத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் விடுப்புச் சுழற்சியைத் தேதி போட்டுக் கேளுங்கள். காவடிக்கு வீட்டில் இருப்போமா என்பது அதில்தான் தெரியும். அதைவிட முக்கியமான இடம், உங்களை ‘எம்ப்ளாயி’ என்கிறார்களா, ‘இன்டிபென்டன்ட் கான்ட்ராக்டர்’ என்கிறார்களா என்பது. 12 மாதத்தில் 183 நாளுக்கு மேலும், அதில் தொடர்ந்து 60 நாளுக்கு மேலும் வெளிநாட்டில் வேலை பார்த்தால், அந்தச் சம்பளத்தில் 12.5 லட்சம் ரேண்ட் வரை இங்கே வரி இல்லை. ஆனால் அந்த விலக்கு எம்ப்ளாயிக்கு மட்டுமே. கான்ட்ராக்டர் என்று கையெழுத்திட்டால் முதல் ரேண்டிலிருந்தே கணக்கில் வரும். அதையும் சேர்த்துப் பார்த்துத்தான் சம்பளம் பேச வேண்டும்.