அப்பீல் கமிட்டியா, ட்ரிப்யூனலா? ஊனப் பென்ஷன் மறுக்கப்பட்டவர் எந்தப் பக்கம் போவது

ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்து ஓய்வுபெற்ற திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக்காரர் ஒருவர் போன மாதம் என் திண்ணையில் ஒரு கடிதத்தை விரித்தார். ரத்தக்கொதிப்பு, ஊனம் 30 சதவீதம், வாழ்நாள் முழுக்க. ஆனால் நோய் படைப்பணியால் வந்ததும் இல்லை, படைப்பணியால் கூடியதும் இல்லை, ஆகவே ஊனப் பென்ஷன் கிடையாது. இதைச் சிப்பாய்களின் ஃபைல்களை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்ட் ஆபீஸில் ‘நானா’ என்போம், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து. அவர் கேட்டார்: “ஏன் சார், பீபியை நானா வரவழைச்சேன்?”

இருபது வருஷம் கிளார்க்காக இருந்தவன் நான். இப்படிப்பட்ட கடிதங்களை டைப் அடித்த கைதான் இது.

டீக்கடையில் இதற்கு இரண்டு கட்சி. “அப்பீல் போட்டா அதே ஆட்கள்தான் பார்ப்பாங்க, நேரா சென்னையில கேஸ் போடுங்க” என்பது ஒன்று. “கவர்மென்டோட கோர்ட்டுக்குப் போய் ஜெயிக்கவா?” என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதிதான் உண்மை.

முதலில் கமிட்டி. நிராகரிப்புக் கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதை டெல்லி ராணுவத் தலைமையகத்தில் ஒரு குழு பார்க்கும். அதுவும் மறுத்தால் இரண்டாவது மேல்முறையீட்டுக் குழு. வக்கீல் வேண்டாம், பதிவுத் தபால் செலவு மட்டும். நேரில் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள், காகிதத்தோடு சரி. விபத்துக் காயத்தின் அறிக்கை ஃபைலில் சேராமல் போயிருக்கும், படைக்குள் நடந்த விசாரணையின் (கோர்ட் ஆஃப் என்கொயரி) நகல் விடுபட்டிருக்கும். அந்த மாதிரிக் குறைக்குக் கமிட்டியே போதும் என்பேன். பீபி, சுகர், மனநோய் போன்றவற்றில் டாக்டர் போர்டு, அதாவது பரிசோதித்த ராணுவ டாக்டர்கள் குழு, எழுதியதைக் கமிட்டி தாண்டிப் போனதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ட்ரிப்யூனல் வேறு ரகம். 2007-ஆம் வருடச் சட்டத்தின்படி வந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைதான் நம்முடையது. நீதித்துறையிலிருந்து ஓர் உறுப்பினர், படையிலிருந்து ஓய்வுபெற்ற மூத்த அதிகாரி ஒருவர், இருவரும் சேர்ந்து உட்காருவார்கள். வக்கீல் வைக்கலாம், நீங்களே நின்றும் வாதாடலாம். கமிட்டியிடமும் இவர்களிடமும் போவது அதே ஃபைல்தான், கேள்விதான் மாறுகிறது. டாக்டர் என்ன சொன்னார் என்று கமிட்டி பார்க்கும். டாக்டர் ஏன் அப்படிச் சொன்னார், காரணம் எழுதியிருக்கிறாரா என்று ட்ரிப்யூனல் பார்க்கும்.

இதற்கு அஸ்திவாரம் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. 1985-இல் சேர்ந்து, வலிப்பு நோயால் வெளியே அனுப்பப்பட்ட சிப்பாய் அவர். சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால் ஆரோக்கியமாகச் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். நோய் பணியால் வந்தது என்று நிரூபிக்கும் பாரம் சிப்பாய் தலையில் இல்லை. சந்தேகம் வந்தால் அதன் பலன் அவருக்குத்தான். போர்டு காரணமும் எழுதியாக வேண்டும்.

இப்போது நம் நாயக்கின் ரிலீஸ் மெடிக்கல் போர்டு படிவத்தைப் பார்ப்போம். முன்பக்கத்தில் அவர் வேலை பார்த்த இடங்கள், தேதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அமைதிப் பகுதியா களப் பகுதியா என்ற குறி. லே, குப்வாரா என்று இரண்டு வரிகள் களப் பகுதி. பக்கத்தைத் திருப்பினால் காரணம் கேட்கும் கட்டத்தில் பேனாவால் ஒரே வரி: ‘அமைதிப் பகுதியில் தொடங்கியது, பணியோடு தொடர்பில்லை.’ முன்பக்கத்தை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ட்ரிப்யூனலில் பேசப்போவது இந்த இரண்டு பக்கமும்தான்.

அதற்காக எல்லோரும் ஜெயித்துவிடுவதில்லை. 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில், மனநோய் என்றாலே அது பணியால் வந்தது என்று தானாக எடுத்துக்கொள்ள முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஊனம் 20 சதவீதத்துக்குக் கீழே என்று போர்டு எழுதியிருந்தால் வழி இன்னும் குறுகல்.

அடுத்தது பணம். கடைசிச் சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீத ஊனத்துக்கு அதில் 30 சதவீதம், அதாவது 12,000. 30 சதவீத ஊனத்துக்கு 3,600. 50-க்குக் கீழுள்ளதை 50 என்று உயர்த்திக் கணக்கிட்டால் 6,000, அகவிலைப்படி தனி. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் இந்த உயர்த்தல் உண்டு என்பது 2014-இன் ராம் அவதார் தீர்ப்பு. மனுவில் இதைத் தனியாகக் கேட்க வேண்டும், கேட்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். இந்தக் கணக்கெல்லாம் பழைய விதிக்காரர்களுக்கு. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு ஓய்வுபெற்று வந்தவர்களுக்குப் புது விதிகள்.

தாமதத்தின் விலையும் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் தர்சேம் சிங் தீர்ப்பின்படி, வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு வந்தவருக்கு அரியர் பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று வருடத்தோடு நிற்கும். 2008-இல் வந்தவர் 2023-இல் மனு போட்டால் நடுவில் பன்னிரண்டு வருடம் காவிரியில் விட்டது மாதிரிதான். அந்த அரியரில் பங்கு கேட்கிற வக்கீல் வந்தால் திருப்பி அனுப்புங்கள், அது அவர்கள் தொழில் விதிப்படியே தப்பு. ஜெயித்தாலும் அரசு உயர் நீதிமன்றம் போகலாம். 2023-இல் வந்த பர்ஷோத்தம் தாஸ் தீர்ப்புக்குப் பிறகு அந்தக் கதவு தெளிவாகத் திறந்திருக்கிறது. உத்தரவு வந்த பிறகும் அதை நிறைவேற்றச் சொல்லி இன்னொரு மனு போட்டவர்கள் உண்டு.

என் பரிந்துரை: முதல் அப்பீலைக் கமிட்டிக்கு அனுப்புங்கள், ஆனால் ட்ரிப்யூனல் படிக்கப்போகிறது என்று நினைத்து எழுதுங்கள். பதில் வராமல் ஆறு மாதம் போனால் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ட்ரிப்யூனல் வாசலைத் திறந்துவிடுகிறது. அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மறுத்துப் பதில் வந்தால் ஆறு மாதம்தான். டெல்டாக்காரர்கள் தவறுவது இங்கேதான். மேட்டூர் திறக்கும் ஜூன் 12 தேதியிட்டு மறுப்புக் கடிதம் வந்தால் டிசம்பர் 12-இல் கெடு முடியும். “சம்பா அறுப்பு முடியட்டும்” என்று உட்கார்ந்தால் பொங்கலே வந்துவிடும். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்தான், ஆனால் அதற்கும் ஒரு மனு எழுத வேண்டும்.

நாயக்குக்கு இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். லே, குப்வாரா தேதிகள் முதல் பத்தியில், தரம்வீர் சிங் இரண்டாவதில், ராம் அவதார் கடைசியில். பதிவுத் தபால் ரசீதை நகலோடு பின் அடித்துக்கொண்டவர், “உழவன் எக்ஸ்பிரஸுக்கு இப்பவே டிக்கெட் போட்டுடவா சார்?” என்றார். ஆறு மாதம் கழித்து வரும் தேதியைக் காலண்டரில் வட்டம் போடச் சொல்லி அனுப்பினேன்.