எதைப் போட்டாலும் 192 காட்டிய ஸ்ட்ரீமர்

அப்பாவின் ஆம்ப்ளிஃபயருக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஸ்பீக்கர்களும் அதே காலத்தவை, இன்றைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. சி.டி. பிளேயர்தான் போன தீபாவளியோடு நின்றுவிட்டது. இணையத்திலிருந்து பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குத் தரும் ஸ்ட்ரீமர் ஒன்றை வாங்கித் தரலாம் என்று சென்னையில் ஓர் ஆடியோ கடைக்குப் போனேன். 42,000 ரூபாய்க்கு ஏமாந்து திரும்பினேன். வேறு யாரும் இப்படிப் பணத்தை இழக்கக் கூடாது.

கடையில் இரண்டு பெட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். விலை கூடியது தெளிவாகத்தான் ஒலித்தது. அதன் சத்தமும் சற்றுக் கூடுதலாக இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகே நினைத்துப் பார்த்தேன். கொஞ்சம் உரக்க ஒலிப்பது காதுக்கு எப்போதுமே நன்றாகப் படும். இரண்டையும் ஒரே அளவில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் நாள் மாலை அப்பா கண்ணை மூடிக்கொண்டு நாகஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தார். தோடி ஆலாபனை. நான் செல்போனுடன் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். பாதிப் படி ஏறுவதற்குள் பாட்டு விட்டு விட்டு வந்து நின்றுவிட்டது. இறங்கி வந்ததும் மறுபடி ஒலித்தது. சற்று நேரத்தில் எனக்கு ஓர் அழைப்பு வர, நாகஸ்வரம் அறுந்து, செல்போன் மணி இரண்டு ஸ்பீக்கர்களிலும் அலறியது. அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "இதற்கு ரேடியோவே தேவலையே" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. நல்ல ஸ்ட்ரீமர் வைஃபை வழியாகத் தானே பாட்டை இழுத்துக்கொள்ளும். செல்போன் வெறும் ரிமோட். அதை அணைத்து வைத்தாலும் பாட்டு ஓட வேண்டும். இந்தப் பெட்டியில் வைஃபை வேலை செய்யத் தேவையான செல்போன் செயலியை (ஆப்) தயாரிப்பாளர் கைவிட்டு விட்டார். செல்போனிலிருந்து பாட்டை அனுப்ப மிச்சம் இருந்தது புளூடூத் மட்டும். சி.டி.யில் நொடிக்கு 1,411 கிலோபிட் இருக்கிறது, புளூடூத் பாட்டைச் சுருக்கி அனுப்பும் சாதாரண முறையான எஸ்.பி.சி.யில் ஏறத்தாழ 328. கால் பங்குகூட இல்லை.

பெட்டியின் திரையோ 192 கிலோஹெர்ட்ஸ் என்று காட்டிக்கொண்டே இருந்தது. ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து பதிந்தார்கள் என்று சொல்லும் எண் அது. 44.1 கிலோஹெர்ட்ஸ் சி.டி. ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றிப் போட்டேன்: 192. பழைய எம்பி3 ஒன்றைப் போட்டேன்: 192. வருவதையெல்லாம் அந்த எண்ணுக்கு மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். பதிவில் இல்லாத நுணுக்கம் அதனால் வந்துவிடாது. இந்த எண்ணைச் சுட்டிக்காட்டித்தான் என்னிடம் விற்றார்கள்.

கூடவே பெட்டியை இணைய ரவுட்டருடன் இணைக்கும் லேன் கேபிள் ஒன்றையும் 4,800 ரூபாய்க்குத் தலையில் கட்டினார்கள், "குரல் திறக்கும் சார்" என்று சொல்லி. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்தர ஸ்டீரியோ பாட்டுக்கே நொடிக்கு 9.2 மெகாபிட் போதும். சில நூறு ரூபாய் கேட் 5இ கேபிள் 1,000 மெகாபிட்டைத் தாங்கும்.

மென்பொருள் நின்றால் நல்ல கருவியும் நின்றுவிடும். ஸ்பீக்கரில் செருகி வைஃபை வழியாகப் பாட்டுக் கேட்க உதவிய குரோம்காஸ்ட் ஆடியோ என்ற சிறு கருவியின் தயாரிப்பை கூகுள் 2019 ஜனவரியில் நிறுத்தியது. 2025 மார்ச்சில் அதன் மென்பொருளில் இருந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதால், வீடுகளில் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கருவிகளும் சில நாள் முடங்கின. ஆகவே வாங்கும் முன் செயலியை உங்கள் செல்போனிலேயே இறக்கி, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். பாட்டை ஓடவிட்டு, செல்போனை அணைக்கச் சொல்லுங்கள்.

அட்டைப்பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும் என்பது சட்டம். என் பெட்டியில் இல்லை. பின்வாசல் வழியே வந்த சரக்கு, இங்கே வாரண்டி கிடையாது.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டினார்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை; இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். ரசீது, அட்டைப்பெட்டி, எம்பி3 ஓடும்போது திரை 192 காட்டும் புகைப்படம் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் மனு கொடுக்கிறேன்.